89 முறை விழுந்தார்கள், 17 முறை அடித்தது

பாஸ்டனில் நீண்டகாலப் பராமரிப்பில் இருந்த 62 முதியோரின் கழுத்தில், சங்கிலி டாலர் போல ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டார்கள். ஆள் விழுந்தால் அது தானே உணர்ந்து தகவல் அனுப்பும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. கடைசியில் இரண்டு கணக்குகளை ஒப்பிட்டார்கள். செவிலியர் பதிவேட்டில் இருந்த விழுதல்கள் 89. அவற்றில் கருவி பிடித்தவை 17, நூற்றுக்கு 19. கருவி எழுப்பிய மொத்த அலாரம் 128. அதில் 111, யாரும் விழாமலே அடித்தவை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2016-ல் வந்த முடிவு இது.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் வெறும் விளம்பரம்" என்று கருவியைத் தூக்கிப் போடுவது சுலபம். ஆனால் நார்வேயில் 2019-ல் 67 வயதுக்காரர் ஒருவர் ராத்திரி பாத்ரூமில் விழுந்து மண்டையோடு விரிசல்விட்டுக் கிடந்தபோது, கையில் இருந்த கடிகாரம்தான் அவசர உதவியை அழைத்தது. இரண்டுமே உண்மை. ஒரே வேலைக்கான கருவி ஒரு இடத்தில் உயிரைக் காக்கிறது, இன்னொரு இடத்தில் ஐந்தில் நாலு விழுதலைக் கோட்டைவிடுகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டுப் பெரியவருக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

கருவி எதைத் தேடுகிறது

உடம்பில் அணியும் எந்தக் கருவியானாலும் உள்ளே இருக்கும் முக்கியமான உறுப்பு, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிதான். ஆடாமல் உட்கார்ந்திருக்கும்போது அது 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு, என்று காட்டும். நின்றபடி தடாலென்று விழுகிற ஆளிடம் அது மூன்று கட்டங்களைத் தேடுகிறது. முதலில் ஒரு கணம் எடை இழந்ததுபோல அளவு 1 ஜி-க்கு வெகு கீழே இறங்க வேண்டும். அடுத்து தரையில் மோதும்போது சட்டென்று பல ஜி-க்கு எகிற வேண்டும். பிறகு உடம்பு படுத்த வாக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மூன்றும் வரிசையாக வந்தால் அலாரம்.

இடுப்பு உயரம் 90 செ.மீ. என்று வையுங்கள். பிடிமானம் எதுவும் இல்லாமல் அந்த உயரத்திலிருந்து விழ 0.43 விநாடி ஆகும். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.2 மீட்டர். கருவி தவறவிடவே முடியாத அடி அது.

இப்போது வேறொரு விழுதல். பாட்டி நாற்காலியிலிருந்து எழ முயல்கிறார். பிருஷ்டம் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டது, கால் வழுக்குகிறது, கை நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிறது. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறார். இறங்கிய உயரம் 45 செ.மீ., எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றரை விநாடி. கணக்குப் போட்டால் முடுக்கம் விநாடிக்கு விநாடி 0.4 மீட்டர். அதாவது கருவி காட்டும் அளவு 1-லிருந்து 0.96 ஜி-க்கு மட்டும் இறங்குகிறது. தரையைத் தொடும் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர். சோபாவில் நாம் பொத்தென்று உட்கார்வதே இதைவிட பலமாக இருக்கும். கருவியைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. பாட்டியைப் பொறுத்தவரை அவர் தரையில் இருக்கிறார், எழுந்திருக்க முடியவில்லை.

இந்தக் குறையைச் சரிக்கட்ட, சில கழுத்துக் கருவிகளில் காற்றழுத்தமானியும் சேர்த்திருப்பார்கள். ஒரு மீட்டர் கீழே இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் கூடும். அந்த மாற்றத்தை வைத்து ஆள் கீழே போய்விட்டாரா என்று பார்ப்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் 45 செ.மீ. என்றால் ஐந்தரை பாஸ்கல்கூட இல்லை. அறைக் கதவை அறைந்து சாத்தினாலே அந்த அளவுக்கு அழுத்தம் ஆடும்.

முதியோர் எப்படி விழுகிறார்கள்

விழுதல் என்றாலே நமக்குப் பாத்ரூம் ஈரமும் வாழைப்பழத் தோலும்தான் நினைவுக்கு வரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு முதியோர் பராமரிப்பு நிலையங்களின் பொது இடங்களில் காமிரா வைத்து, 2007 முதல் 2010 வரை 130 பேரின் 227 விழுதல்களைப் பதிவு செய்தார்கள். லான்செட் இதழில் 2013-ல் வந்தது. அதில் வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். முதலிடம், 41 சதவீதம், உடம்பின் எடையைத் தவறாக மாற்றியதற்கு: திரும்பும்போது, எட்டி எடுக்கும்போது, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது நிலை தவறுவது. நடந்துகொண்டிருந்தபோது விழுந்தவர்கள் 24 சதவீதம்தான். சும்மா நின்றிருந்தபோது 13, உட்காரப் போகும்போது 12.

இந்த எண்களைப் பாஸ்டன் எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வாக்கரைப் பிடித்தபடி சாய்வது, சுவரில் முதுகு உரசிக்கொண்டே இறங்குவது, கட்டில் விளிம்பிலிருந்து நழுவுவது: உடல் தளர்ந்தவர்களின் விழுதல் பெரும்பாலும் இந்த ஜாதி. எதையாவது பிடித்துக்கொண்டே விழுவதால் வேகம் குறைகிறது. எலும்புக்கு அது நல்லது, கருவிக்குக் கெட்டது.

கருவியின் கணிப்பு முறையை உருவாக்கியவர்கள் பயிற்சிக்கு யாரை விழ வைத்தார்கள் என்று பார்த்தால் மீதியும் புரியும். எண்பது வயதுக்காரரை விழச் சொல்ல முடியாது. அதனால் இளைஞர்கள், ஆய்வுக்கூடத்தில், மெத்தையின் மேல் விழுந்து காட்டுகிறார்கள். அந்தப் பதிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடித்துவிட்டதாகப் பெட்டியில் அச்சாகிறது. 2012-ல் ஓர் ஐரோப்பிய ஆய்வுக் குழு, அதுவரை வெளியாகியிருந்த 13 கணிப்பு முறைகளை எடுத்து, நோயாளிகள் அன்றாட வாழ்க்கையில் நிஜமாகவே விழுந்த 29 பதிவுகளில் ஓட்டிப் பார்த்தது. சராசரியாகப் பிடித்தது 57 சதவீதம். ஒரே ஒரு நாள் கண்காணிப்பில் பொய் அலாரம், முறையைப் பொறுத்து, 3 முதல் 85 வரை. பெட்டியில் சதவீதம் போட்டிருந்தால் "யார் விழுந்து பார்த்தது?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராது, ஆனாலும் கேளுங்கள்.

அந்த 111

தவறவிட்ட 72 விழுதல்களைவிட, வீணாக அடித்த 111 அலாரம்தான் நடைமுறையில் அதிகச் சேதம் செய்யும். கழுத்தில் தொங்கும் கருவி ஊஞ்சலாடும் பொருள். குனியும்போது மேசை விளிம்பில் இடிக்கும். உடை மாற்றும்போது தலைவழியாகக் கழற்றிக் கட்டிலில் எறிவார்கள். கருவிக்கு அது எடை இழப்பு, மோதல், அசைவின்மை, மூன்றும் வரிசையாகக் கிடைத்த அருமையான விழுதல். கைக்கடிகாரத்துக்குக் கைதட்டல், கதவைத் தட்டுதல், மாவு பிசைதல், தேங்காய் உடைத்தல் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெரியவர் வருஷத்தில் இரண்டு முறை விழுகிறார். கருவி வாரத்துக்கு ஒரு முறைதான் பொய்யாக அடிக்கிறது, கேட்பதற்கு அது ஒன்றும் பெரிய தொந்தரவாகத் தெரியாது. விழுதலில் பாதியைப் பிடிக்கிறது என்று வைத்தால், வருஷத்தில் 53 அலாரம், அதில் ஒன்று நிஜம். முதல் மாதம் மகன் ஓட்டமாய் ஓடி வருவார். மூன்றாம் மாதம் போன் பண்ணிக் கேட்பார். ஆறாம் மாதம் மீட்டிங் முடியட்டும் என்று நினைப்பார். நிஜமானது எந்த மாதத்தில் வரும் என்பது யாருக்கும் தெரியாது.

மருத்துவமனைகளிலும் இதே கதைதான். கட்டிலிலிருந்து நோயாளி எழுந்தால் ஒலிக்கும் படுக்கை அலாரத்தை அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் 16 பிரிவுகளில் சோதித்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். அலாரம் பயன்பாடு கூடியது, விழுதல் குறையவில்லை. சத்தம் வருவதற்கும் ஆள் வருவதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்தச் சென்சாரும் நடந்து கடக்காது.

பொத்தான் இருந்தும் அழுத்தாதவர்கள்

தானே கண்டறியும் கருவிக்கு ஏன் இவ்வளவு தேவை வந்தது என்பதற்குக் கேம்பிரிட்ஜ் ஆய்வு நல்ல சாட்சி. 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து, 2008-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 66 பேர் விழுந்தார்கள்; மொத்தம் 265 விழுதல்கள் பதிவாயின. அதில் 82 சதவீதம் தனியாக இருக்கும்போது நடந்தவை. விழுந்த 66 பேரில் 53 பேரால் ஒரு முறையாவது தாங்களாக எழுந்திருக்க முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பலரிடம் அழைப்புப் பொத்தான் இருந்தது. நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை.

காரணங்கள் எந்த ஊருக்கும் பொருந்தும். கருவி ஆணியில் மாட்டியிருந்தது. குளிக்கும்போது கழற்றி வைத்தது. இன்னும் கொஞ்சம் முயன்றால் எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கை. அர்த்த ராத்திரியில் யாரையும் எழுப்ப மனமில்லாமை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், அப்புறம் தனியாக இருக்க விடமாட்டார்கள் என்ற பயம். கடைசிக் காரணத்தைப் பிள்ளைகள் ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை. பெரியவர்களும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரு மணி நேரம் என்ற எல்லைக்கு அர்த்தம் உண்டு. ஒரே பக்கமாக அழுந்திக் கிடக்கும் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. தோல் நசுங்கிப் புண்ணாகிறது. உடல் குளிர்கிறது, நீர் வற்றுகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது. 1981-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்ததற்கான அடையாளமும் அதில் கலந்திருக்கிறது என்றாலும், தரையில் கிடக்கும் நேரம்தான் இந்த விஷயத்தில் அளக்க வேண்டிய முதல் பொருள். கருவி விழுதலைக் கண்டுபிடித்ததா என்பது இரண்டாம் கேள்வி. சத்தமே இல்லாமல் சரிந்து உட்கார்ந்தவரைப் பத்தாவது நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிவிட்டால், சென்சார் தவறவிட்டதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கைக்கடிகாரம் யாருக்கு

ஆப்பிள் வாட்ச் 2018-ல் வந்த நான்காம் தொடரிலிருந்து இந்த வசதியைத் தருகிறது. வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் தானே இயங்கத் தொடங்கும். குறைவாக இருந்தால் நாமே இயக்க வேண்டும். பலமான விழுதலை உணர்ந்தால் மணிக்கட்டில் தட்டும், ஒலி எழுப்பும், திரையில் கேட்கும். "நன்றாக இருக்கிறேன்" என்று தொட்டால் அடங்கிவிடும். ஆள் சுமார் ஒரு நிமிடம் அசையவில்லை என்றால் 30 விநாடி எண்ணிவிட்டு அந்த நாட்டின் அவசர எண்ணை அழைக்கும், இந்தியாவில் 112. அழைப்பு முடிந்த பிறகுதான் நாம் பதிந்து வைத்த உறவினர்களுக்கு இருப்பிடத்தோடு செய்தி போகும்.

இந்த வரிசையில் மூன்று இடங்களில் வழக்கமாகக் கோளாறு நடக்கிறது. ஒன்று, மணிக்கட்டைக் கண்டறியும் அமைப்பு அணைந்திருந்தால் தானியங்கி அழைப்பு போகாது. கடவுக்குறியீடு தொந்தரவாக இருக்கிறது என்று பேரன் அதை அணைத்துக் கொடுத்திருப்பான். இரண்டு, செல்லுலார் இல்லாத மாடலுக்கு ஐபோன் பக்கத்தில் இருக்க வேண்டும்; போன் மாடியில் சார்ஜில் கிடக்க, பெரியவர் தெருமுனைக் கடைக்குப் போயிருப்பார். மூன்றுதான் பெரியது: பேட்டரி. சாதாரண மாடல்கள், மாடலைப் பொறுத்து, சுமார் 18 முதல் 24 மணி நேரம் தாங்கும். எல்லோரும் ராத்திரி படுக்கப் போகும்போது கழற்றிச் சார்ஜரில் வைக்கிறோம். சிறுநீர் கழிக்க இருட்டில் எழுந்து, தூக்கக் கலக்கத்தில், ரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடுகிற அந்த நேரத்தில் கடிகாரம் மேசை மேல் கிடக்கிறது. சார்ஜ் செய்யும் நேரத்தை மாலைச் சீரியல் நேரத்துக்கு மாற்றுங்கள். அப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள், வீட்டில் ஆளும் இருக்கும்.

இன்னொன்று: அந்த "நன்றாக இருக்கிறேன்" பொத்தான், கேம்பிரிட்ஜ் பிரச்சினையைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டு வருகிறது. நினைவோடு கீழே விழுந்தவர் வெட்கத்தில் முதலில் செய்வது அதைத் தொட்டு அணைப்பதுதான். பிறகு எழ முடியவில்லை என்று தெரியும்போது அலாரம் இல்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும் என்பதையும் சொல்லித் தர வேண்டும். ஒரு முறை சொன்னால் போதாது.

நடமாட்டம் நன்றாக உள்ள, வெளியே தனியாகப் போகிற, போன் பழக்கமுள்ளவருக்குக் கடிகாரம் பொருத்தம். அவர் விழுந்தால் நின்ற நிலையிலிருந்து தடாலென்று விழுவார், கருவி அதைத்தான் தேடுகிறது. பாஸ்டனில் இருந்தவர்களைப் போல வாக்கரும் வீல்சேருமாக இருப்பவருக்கோ, மறதி நோயால் எதையும் கழற்றி எறிந்துவிடுபவருக்கோ, அதே பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாம்.

சுவரில் இருந்து பார்ப்பவை

எதையும் அணிய வேண்டாம் என்பதே ரேடார் சென்சாரின் கவர்ச்சி. சுவரில் மாட்டிய பெட்டி ரேடியோ அலையை அனுப்பி, ஆள் மேல் பட்டுத் திரும்புவதை வைத்துப் பார்க்கும். பெரும்பாலும் 60 ஜிகாஹெர்ட்ஸ் அலை. அலைநீளம் 5 மில்லிமீட்டர் என்பதால் மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட உணரும். படம் எடுப்பதில்லை, ஆகவே பாத்ரூமில் வைக்கலாம். ஆள் நின்ற உயரத்திலிருந்து தரை மட்டத்துக்கு வந்து அங்கேயே இருக்கிறார் என்பதைத்தான் அது விழுதல் என்று கொள்கிறது. மெதுவாகச் சரிந்தாலும் பிடிக்க வாய்ப்பு உண்டு. முடுக்கமானியை விட இதில் அந்த ஒரு மேன்மை இருக்கிறது.

ஆனால் நாற்காலியும் கட்டிலுமாக வாழ்கிற நாடுகளை மனத்தில் வைத்துச் செய்தது அது. நம் வீட்டில் தரை என்பது உட்காரும் இடம், காய் நறுக்கும் இடம், பாய் விரித்துப் படுக்கும் இடம். கட்டிலை விட்டுவிட்டு மதியம் சிமெண்டுத் தரையில் தலையணை போட்டுச் சாயும் பாட்டியை ரேடார் தினமும் இரண்டு மணிக்கு "விழுந்துவிட்டார்" என்று சொல்லும். பூஜை அறையில் நமஸ்காரம் செய்தாலும் சொல்லும். அடுத்தது மின்விசிறி. சுழலும் விசிறியும் ஆடும் திரைச்சீலையும் ரேடாருக்கு அசையும் பொருட்கள். விசிறிக்குக் கீழேயோ நேர் எதிரேயோ மாட்டினால் காலி அறையில் ஆள் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அறையில் இரண்டு பேர் இருந்தால் பல கருவிகள் குழம்பும்.

ஆகவே கூடத்திலும் படுக்கையறையிலும் வேண்டாம். பாத்ரூமுக்கு மட்டும் வையுங்கள் என்பதே என் முடிவு. அங்கே யாரும் பாய் விரிப்பதில்லை, பெரும்பாலும் விசிறி இல்லை, ஒரு நேரத்தில் ஒருவர்தான். மாட்டும் உயரத்தைக் கருவியோடு வரும் தாளில் சொன்னபடியே வைக்க வேண்டும், பத்து செ.மீ. மாறினாலும் தரை எங்கே என்ற அதன் கணக்கு பிசகும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிப்பவர் என்றால் உணர்திறனைக் குறைத்துத் தொடங்குங்கள். பெரும்பாலானவை வைஃபை வழியாகத்தான் தகவல் அனுப்புகின்றன, அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில். மின்சாரம் போனால் ரவுட்டர் அணையும், ரவுட்டர் அணைந்தால் எல்லாம் ஊமை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதே வீண். சென்சாரும் இன்வர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரேடாருக்குப் பட்ஜெட் இல்லை என்றால் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அதைப் பலர் மதிப்பதில்லை. ஆள் நடமாட்டத்தை உணரும் சாதாரண பிஐஆர் சென்சார் மூன்று: பாத்ரூமில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று. விழுதலை இது தேடுவதே இல்லை. "பாத்ரூமில் அசைவு தெரிந்தது, அதன் பிறகு இத்தனை நிமிடமாக வீட்டில் எங்கும் அசைவு இல்லை" என்றால் போனுக்குத் தகவல். அந்த இத்தனை நிமிடம் எவ்வளவு? ஒரு வாரம் சும்மா பதிவு செய்யுங்கள். குளியலுக்கு எடுத்த அதிக நேரம் 22 நிமிடம் என்றால், பத்துக் கூட்டி 32 வையுங்கள். ராத்திரிக்குத் தனி எல்லை, 15 நிமிடம் போதும். தரையில் கிடப்பவர் கையை அசைத்துக்கொண்டிருந்தால் பாத்ரூம் சென்சார் அதையும் அசைவாக எடுத்துக்கொள்ளும். அதனால் "பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை" என்ற விதியையும் சேர்க்க வேண்டும். உடனடியாகச் சொல்லாது, அரை மணி தாமதம். ஆனால் எப்படி விழுந்தாலும் சொல்லும். கழுத்தில் எதுவும் மாட்டாமலே சொல்லும்.

கதவை யார் திறப்பார்

கருவி சரியாக வேலை செய்து, அழைப்பும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடங்களை எண்ணுங்கள். அசைவில்லை என்று உறுதி செய்ய ஒன்றரை நிமிடம். பெங்களூரில் இருக்கும் மகள் போனை எடுக்க இரண்டு நிமிடம். அதுவும் மௌனத்தில் இல்லாவிட்டால். ஆகவே அந்தச் செயலிக்கும் அந்த எண்ணுக்கும் மட்டும் "தொந்தரவு செய்யாதே" நிலையிலும் ஒலிக்க அனுமதி கொடுத்து வைக்க வேண்டும். மகள் பக்கத்து வீட்டு அக்காவை அழைக்க ஒரு நிமிடம். அக்கா வர இரண்டு நிமிடம். வாசலில் பூட்டு. உள்ளே தாழ்ப்பாள்.

இங்கேதான் எல்லாம் நின்றுபோகும். வாசலுக்கு இரண்டாவது சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் போடும் பழக்கம் நிற்க வேண்டும். பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால், விழுந்தவர் அதை அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்வது ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கும் பூட்டைப் போடலாம். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல சென்சாரை விடக் குறைவு, பலன் அதிகம்.

வந்தவர் அக்குளில் கை கொடுத்து வெடுக்கென்று தூக்கக் கூடாது. முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பில் தொட்டாலே வலித்தாலோ அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டிருந்தால், "ஒண்ணுமில்லை" என்று எழுந்து உட்கார்ந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடி இல்லையென்றால்: பக்கவாட்டில் புரண்டு, முழங்கையில் ஊன்றி, நாலு காலில் வந்து, ஒரு உறுதியான நாற்காலியை முன்னால் போட்டுப் பிடித்து, பலமான காலை முன்வைத்து எழுவது. பின்னால் இன்னொரு நாற்காலி, உட்கார. இதைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழகி வைத்தவர் தரையில் கிடக்கும் நேரம் கணிசமாகக் குறையும்.

சோதித்துப் பார்ப்பதும் எழுதி வைப்பதும்

கடிகாரத்தைக் கட்டிலில் எறிந்து சோதிக்காதீர்கள். கையில் இல்லாதபோது அது விழுதலாக எடுத்துக்கொள்ளாது. நீங்களே விழுந்து பார்க்கவும் வேண்டாம், 112-க்குச் சோதனை அழைப்பும் வேண்டாம். சோதிக்க வேண்டியது சென்சாரை அல்ல, அதற்குப் பிந்தைய சங்கிலியை. மாதம் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், பெரியவர் பாத்ரூமிலிருந்து செயலியின் உதவிப் பொத்தானை அழுத்தட்டும். பக்கத்து வீட்டு அக்கா சாவியோடு உள்ளே வந்து நிற்கும் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முதல் தடவை சாவி எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள். சோதனையே அதற்குத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மணி, கருவி அடித்ததா, நிஜமா பொய்யா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் பொய் அலாரங்கள் எந்த வேலையின்போது வருகின்றன என்று பிடிபட்டுவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள்தான் இருக்கும். உணர்திறனையோ அணியும் இடத்தையோ மாற்றிச் சரிசெய்யலாம். கருவி அடிக்காமல் விழுந்ததையும் எழுதுங்கள். இதற்குப் பெரியவர் சொல்ல வேண்டும்; சொன்னால் திட்டு விழும் என்றால் சொல்ல மாட்டார்.

அந்த நோட்டில் கடைசியாக "தரையில் இருந்த நிமிடங்கள்" என்று ஒரு நெடுவரிசை. எப்போது விழுந்தார் என்று தெரியாவிட்டால், அவரைக் கடைசியாக நடமாடிப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். ராத்திரி ஒன்பதுக்குப் பார்த்து, காலை ஆறரைக்குக் கண்டுபிடித்தால், 570 என்று எழுத வேண்டும்.